ஒப்பிப்பது படிப்பாகுமா?

(ஜோகூர் தோட்டமொன்றின் சங்கக் கிளைக் கூட்டத்தில், அத்தோட்டத்துக் கிராணியும் கிளை உறுப்பினருமான அன்பர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் நிரையைப் பற்றியும் பேசவேண்டிய இடத்தில், இந்தக் கிராணி பள்ளிப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது. சென்ற வருடம் ஒரு மாலை நம் தோழர் ஒருவர், மூன்றாம் ஆண்டு படிக்கும் தம் மகளை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். "கிராணி ஐயா, பிள்ளை நல்லா படிக்குது, கேட்டுப் பாருங்க" என்றார். அந்தச் சிறுமி புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தை மூச்சு விடாமல் படித்தாள். ஒரு பிழை இல்லை. ஆனால் அவள் கண் புத்தகத்தில் இல்லை, கூரையில் இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தின் நடுவே 'கொடி' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டேன். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிக்கத் தொடங்கினாள். அந்த இடம் வரை ஓடிவந்து, நின்று, "கொடி" என்றாள்.

தந்தையார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் இப்படித்தாங்க படிச்சேன்" என்றார். ஆறு வருடம் பள்ளிக்குப் போனவர் அவர். சங்கச் சுற்றறிக்கை வந்தால் அடுத்த வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அவர் கையெழுத்தைப் பார்த்து, படித்தவர் என்றே எண்ணியிருந்தேன்.

தோழர்களே! நான் ஆசிரியர்களைக் குறைகூற வரவில்லை. 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது மறுபக்கத்துப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டால் வகுப்பு அடங்கும். மனப்பாடத்தையும் நான் பழிக்கவில்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த ஆத்திசூடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒப்பிப்பது வேறு, படிப்பது வேறு. அந்த வேறுபாட்டைப் பெற்றோராகிய நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. பிள்ளை வாய் ஓடினால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது, வாத்தியார் வரவில்லை! பல தோட்டங்களில் கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ, என்னைப் போன்ற கிராணியோதான் பாடம் சொன்னார். பயிற்சி இல்லாதவர் என்ன செய்வார்? தாம் கற்ற மாதிரியே கத்தச் சொல்வார். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் போனபின் இன்று 530க்கும் குறைவு. இன்றைய ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆனாலும் பழைய கூட்டுக்குரல் இன்னும் முழுக்க ஓயவில்லை.

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பிள்ளையை முதல் நாளே மிரட்டுகிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, அவற்றைச் சேர்க்கும் குறிகள் சில. உகர ஊகார வரிசைதான் எழுத்துக்கு எழுத்து உருமாறி ஏமாற்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. 'கெ' என்னும்போது ககரத்துக்குப் பின்னே ஒலிக்கும் எகரத்தின் கொம்பு, எழுத்தில் முன்னே நிற்கிறது. 'கொ' என்றால் முன்னும் பின்னும் நிற்கிறது. அந்தச் சிறுமி 'கொடி'யில் தடுமாறியது அதனால்தான். இதை யாராவது உட்கார்ந்து காட்டித்தர வேண்டும், கத்தினால் வராது. வீட்டில் பேசுவது 'வூட்டுக்கு', புத்தகத்தில் இருப்பது 'வீட்டிற்கு'. இரண்டும் ஒன்றுதான் என்றுகூடப் பல பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை.

இந்த நேரத்தில் ஒரு தூர தேசத்துச் செய்தி. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற சிற்றூரில், 1963இல், பாவ்லோ ஃபிரெய்ரே என்ற ஆசிரியர் ஏறத்தாழ 300 ஏழைத் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் திட்டம் நடத்தினார். எழுத்தறியாதவனுக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமையே கிடையாது. அவர் அரிச்சுவடியில் தொடங்கவில்லை. தொழிலாளி அன்றாடம் புழங்கும் சொல்லை எடுத்தார். செங்கல் என்பதற்கு அவர்கள் சொல் 'திஜோலோ'. அதைத் தி, ஜோ, லோ என்று பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் வரிசை எழுதி, அந்த அசைகளால் புதுச் சொல் கட்டச் சொன்னார். செங்கல் யாருடையது, வீடு யாருடையது என்ற பேச்சும் கூடவே வந்தது. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் திட்டத்தை நிறுத்தி அவரைச் சிறையில் வைத்தது. எழுத்துக்கு அவ்வளவு பயம்! நம் தமிழ்நாட்டிலும் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள்.

அந்த வழியைத்தான் நாங்கள் சங்க அறையில் சனிக்கிழமைகளில் செய்து பார்த்தோம். அட்டையை வெட்டி, பால், மரம், வாளி என்று மூன்று சொற்கள் எழுதினோம். பிறகு எழுத்தெழுத்தாகப் பிரித்து, வேறு சொல் கட்டுங்கள் என்றோம். பிள்ளைகள் 'வாரம்' என்றார்கள். முன்னாளில் காண்டா வாளி சுமந்த ஓர் அம்மாள் நெடுநேரம் அட்டைகளை நகர்த்தி, 'பாரம்' என்று வைத்தார். ஒருவரும் பேசவில்லை. இன்னொருவர், "நாம பாலு-ன்னுதானே சொல்றோம், இங்கே ஏன் புள்ளி?" என்று கேட்டார். அரை மணி நேரம் அந்தப் புள்ளியிலேயே போயிற்று. அது வீணான அரை மணி நேரமன்று.

முதல் வாரம் வந்தவர்கள் 11 பேர். மூவர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு இரவு வேலை. மற்ற இருவரும் பிள்ளைகள் எதிரில் தடுமாற வெட்கப்பட்டவர்கள். அவர்களைத் தனியே உட்கார வைத்திருக்க வேண்டும். அது என் தவறு.

"சம்பளச் சீட்டு மலாயில் வருகிறது, தமிழைப் படித்து என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவன். அங்கே கண்டது இது: தமிழைப் பொருள் புரிந்து படித்த பிள்ளை ஆண்டு நடுவிலேயே மலாயையும் பிடித்துக்கொண்டான். தமிழில் ஒப்பித்தவன் மலாயிலும் ஒப்பித்தான். எழுத்தைப் பார்த்து ஒலியும் பொருளும் காணும் வித்தையை ஒருமுறை கற்றால் போதும். அடுத்த மொழிக்கு அது கூடவே வரும். புரியும் மொழியில் அதை முதலில் கற்பதே எளிது. தாய்மொழியே கற்பிக்கச் சிறந்த மொழி என்று 1953இல் யுனெஸ்கோவும் எழுதியது.

நான் முதலில் சொன்ன தோழர் விடாமல் வந்தார். போன மாதம் சம்பளச் சீட்டோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். 'ஹாரி பெக்கெர்ஜா' என்ற வரியில் விரலை வைத்து, "இது வேலை செஞ்ச நாள்தானே? 24னு இருக்கு. நான் 25 நாள் பெரட்டுக்கு வந்தேன்" என்றார். செக்ரோலை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளை விட்டவன் நான்தான்! திருத்தி, அந்த நாள் கூலியை வாங்கிக் கொடுத்தேன். இதற்கு முன் எத்தனை நாள் இப்படி யார் யாருக்கு விட்டுப்போயிற்றோ என்று அன்றிரவு பழைய செக்ரோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் புரட்டி முடியவில்லை. பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வகுப்பு சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. புத்தகம் வேண்டாம். வீட்டில் காலி அட்டைப் பெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். இம்முறை பெரியவர்களுக்குப் பின்னறையில் தனி மேசை போட்டிருக்கிறோம்.