இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

சிராங்கூன் சாலையில் வாங்கும் 12 லட்டுகளை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கு மிச்சமின்றிப் பங்கிடலாம். 12-க்குக் காரணிகள் 6. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இத்தகைய எண்களைப் பற்றிக் கும்பகோணத்தில் படித்து கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் 1915-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் அவர் தந்த பட்டியல் 6,746,328,388,800 வரை நீண்டது. அந்த எண்ணின் காரணிகள் மட்டும் 10,080!

ஆனால் இடையில் 293,318,625,600 விடுபட்டுவிட்டது. அதன் காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடும். வேண்டுமானால் வீட்டுப் பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கட்டும். மேதை போட்ட கணக்கையும் சரிபார்க்கலாம் என்ற துணிவு, மனப்பாடம் செய்யும் விடைகளைவிட அவர்களுக்குப் பெரிய சொத்து.