மோந்தி கழற்றிய மரையாணி

நம்முள் பலர் கண்டிராத விளையாட்டு இது: பனிக்கட்டிப் பாதையில் எஃகுச் சட்டங்கள்மீது வழுக்கி விரையும் வண்டிப் பந்தயம். இத்தாலியரான யூஜெனியோ மோந்தி, முழங்கால் காயத்தால் பனிச்சறுக்கை விட்டு இதற்கு வந்தவர். 9 முறை உலகப் பட்டம் வென்றவர். ஒலிம்பிக் தங்கம் மட்டும் நெடுநாள் கைகூடவில்லை. 1956இல் கிடைத்தவை இரு வெள்ளிகளே.

1964இல் இன்ஸ்புரூக்கில், பிரிட்டிஷாரான நாஷ், டிக்ஸன் இருவரின் வண்டியில் மரையாணி ஒன்று முறிந்தது. மோந்தி தம் வண்டியின் ஆணியையே கழற்றிக் கொடுத்தார். தங்கம் அவர்களுக்கு, வெண்கலம் இவருக்கு. தாய்நாட்டிலோ ஏச்சு. ஆணியால் அன்று, விரைவினால் வென்றனர் என்றார் மோந்தி. இதனை வெறும் பணிவென நாம் கொள்ளோம். பந்தயம் அறிந்தவரின் கணக்கு அது.

1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் அவருக்கு வயது 40. இருவர் வண்டியில் மேற்கு ஜெர்மானியரின் மொத்த நேரமும் அவர் நேரமும் சமமாயின. தனி ஓட்டமொன்றில் மிக விரைந்தவர் என்பதால் தங்கம் மோந்திக்கே. நால்வர் வண்டியிலும் தங்கம் வென்று ஓய்வு பெற்றார்.