மழையில் நனைந்த மெட்ராஸ் சிப்பாய்கள்: பிரைமர் வந்த கதை

குந்தாரப்பள்ளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, அமெரிக்காவுல வீட்டுலயே தோட்டா நிரப்புற வீடியோ நிறைய பார்க்கிறேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த பிரைமர் வாங்கணும்? தோட்டாவோட அடியில இருந்து மருந்தைப் பத்தவைக்கிற, சிவகாசி கேப்பு மாதிரி சின்னக் குப்பிதானே, அதுக்குமா லைசென்ஸ்?"

ஆமா தம்பி, அதுக்கும்தான். பலர் தப்பா நினைக்கிற இடம் இது. 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டான்னா முழுத் தோட்டா மட்டும் இல்ல. அதோட பாகங்களும், அதைச் செய்யற இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள்ளயே வருது. உரிமம் இல்லாம வெச்சிருந்தாலும் குற்றம், செஞ்சாலும் குற்றம். அதனால நம்ம ஊருல "எந்த பிரைமர்"ங்கிற கேள்விக்கு முன்னாடியே உரிமம் வந்து நின்னுடுது.

சட்டம் அனுமதிக்கிற நாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. பாக்ஸர், பெர்டன்னு ரெண்டு வகை. ரெண்டும் 1866-ல வந்தது. பாக்ஸர் பிரைமருக்குள்ளயே பட்டடை, அதாவது மருந்து மோதி நசுங்குற முனை, இருக்கும், தோட்டாக் கூட்டுல நடுவுல ஒரே ஓட்டை. ஒரு ஊசியால தள்ளினா பழசு வெளிய வந்துடும், அதனால திரும்ப நிரப்ப வசதி. பெர்டன்ல பட்டடை கூட்டோட சேர்ந்தே இருக்கும், ஓரமா ரெண்டு ஓட்டை, அந்த ஊசி நுழையாது. இதுல வேடிக்கை, பாக்ஸர் ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனா அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கிச்சு, ஐரோப்பிய ராணுவங்கள் பெர்டனை எடுத்துக்கிச்சு. ரைபிளுக்கான பெரிய பிரைமரும் பிஸ்டலுக்கான பெரிய பிரைமரும் ஒரே விட்டம்தான், ஆனா உயரமும் தகட்டோட கனமும் வேற. மாத்திப் போட்டா ஆபத்து. பரிசோதிச்ச கையேட்டுல எந்த பிரைமர் போட்டிருக்கோ அதையே வாங்குங்க, சொந்த யோசனை வேண்டாம்.

சரி, இந்தக் குப்பி எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்துல அலெக்சாண்டர் ஃபோர்சைத்னு ஒரு பாதிரியார். வாத்து வேட்டைக்குப் போவார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில சிக்கிமுக்கிக் கல் இரும்புல உரசி, வெளியே ஒரு கிண்ணியில இருக்கிற மருந்து பத்தி, அதுக்கப்புறம்தான் உள்ள வெடிக்கும். அந்தப் பளிச்சைப் பார்த்ததுமே வாத்து பறந்துடும். அவர், அடிச்சா வெடிக்கிற ரசாயனத்தைத் துப்பாக்கியில பயன்படுத்த 1807-ல காப்புரிமை வாங்கினார். அது அப்புறம் சின்னச் செம்புத் தொப்பியா மாறிச்சு. நம்ம மலைக் கிராமங்கள்ல நாட்டுத் துப்பாக்கிக்குக் "கேப்பு"ன்னு சொல்றது அதோட வழிவந்ததுதான். இன்னைக்குத் தோட்டாவோட அடியில உட்கார்ந்திருக்கிற பிரைமரும் அதே குடும்பம்.

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும். 1841 மே 30. இடம் சீனாவுல, கான்டன் நகரத்துக்கு வடக்கே சான்யுவான்லி. முதல் அபினிப் போர் நடக்குது. அங்க போயிருந்த பிரிட்டிஷ் படையில 37-ஆம் மெட்ராஸ் காலாட்படையும் இருந்தது. நம்ம தென்னாட்டுச் சிப்பாய்கள், கையில சிக்கிமுக்கித் துப்பாக்கி. அவங்களை எதிர்த்து ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தாருங்க ஈட்டியும் மண்வெட்டியுமா திரண்டு வந்தாங்க. தன் மண்ணுல அந்நியன் புகுந்தா எந்த ஊர்க்காரரும் செய்யறதுதான் அது. திடீர்னு இடியோட பெருமழை. ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், நெல் வயலுக்கு நடுவுல வழி தவறித் தனியா மாட்டிக்கிச்சு. கிண்ணியில இருந்த மருந்து எல்லாம் சேறாயிடுச்சு. விசையை இழுத்தா கல்லு உரசும், வெடிக்காது. நாலு பக்கமும் முகம் வெச்சுச் சதுரமா நின்னு, பயனெட் ஒண்ணை மட்டும் நம்பி எதிர்த்து நின்னாங்க. செத்துப்போன ஒரு சிப்பாயோட துப்பாக்கியை ஒரு கிராமத்தார் எடுத்து, புது மருந்து வெச்சு, தன்கிட்ட இருந்த எரியும் திரியாலயே பத்தவெச்சு ஒரு ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டார்னு பதிவு இருக்கு. அதே துப்பாக்கி, பத்தவைக்கிற வழி மட்டும் வேற!

இருட்டினதுக்கப்புறம் அவங்களைத் தேடி ரெண்டு கம்பெனி ராயல் மரீன்களை அனுப்பினாங்க. காரணம், அவங்க கையில செம்புத் தொப்பி போட்ட புதுத் துப்பாக்கி இருந்தது. அது மழையிலயும் வெடிச்சது, கூட்டம் கலைஞ்சது. சதுரம் அதுவரைக்கும் உடையாமத்தான் இருந்தது. ஒரு சிப்பாய் இறந்தார், பத்துப் பேருக்கு மேல காயம்.

துப்பாக்கி வரலாறு எழுதறவங்க இந்தச் சம்பவத்தைப் புது விசைக்கு நல்ல விளம்பரமா சொல்லிட்டுப் போயிடறாங்க. கம்பெனியை நடத்தின லெப்டினன்ட் ஹாட்ஃபீல்டோட பேர் இருக்கு, காயம்பட்ட அதிகாரி பெர்க்லியோட பேர் இருக்கு. வெடிக்காத துப்பாக்கியோட மணிக்கணக்கா நின்ன சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. எனக்கு அது ஆறவே மாட்டேங்குது. வேற யாரோட அபினி வியாபாரத்துக்கோ கடல் தாண்டிப் போனவங்களுக்கு ஒரு நல்ல விசையாவது கொடுத்திருக்கலாம்.

அதுக்கப்புறம் அந்தத் தொப்பி யார் கையில இருக்கணும்னு பிரிட்டிஷ் அரசு கவனமா யோசிச்சது. 1857 சிப்பாய் எழுச்சி முடிஞ்சு, 1878-ல வைஸ்ராய் லிட்டன் காலத்துல வந்த ஆயுதச் சட்டத்தைப் பாருங்க. தோட்டாங்கிற விளக்கத்துல சிக்கிமுக்கிக் கல்லும் இருக்கு, செம்புத் தொப்பியும் பேர் சொல்லி இருக்கு. ஆனா ஈயம், கந்தகம், வெடியுப்பு மூணையும் விட்டுட்டாங்க. மத்த வேலைக்கும் ஆகற சரக்கு அது. தொப்பியைப் பிடிச்சாலே துப்பாக்கியைப் பிடிச்ச மாதிரின்னு தெளிவா தெரிஞ்சு எழுதினது. வெள்ளைக்காரருக்கு உரிமம் தேவையில்லை, நமக்குத் தேவை. பக்கத்துக் கர்நாடகத்துல குடகு மக்களுக்கு மட்டும் 1861-லயே விலக்கு கொடுத்துட்டாங்க. அந்த விலக்கு இன்னும் நீடிக்குது, இப்போதைக்கு 2029 வரைக்கும்.

எல்லாருக்கும் விலக்கு கொடுன்னு நான் கேட்கல. உரிமம் வேணும்தான். ஆனா அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுப்பன்றி ராகிக் காட்டை அழிக்குதுன்னு உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிறவரை, "ஒப்படைச்சிடு"ன்னு மட்டும் சொல்றோம். 1959 சட்டத்தோட 13-ஆம் பிரிவுலயே பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வழி இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? துப்பாக்கியை ஒப்படைக்க வர்றவர்கிட்ட, அதே மேஜையிலயே அந்த விண்ணப்பத்தையும் கொடுங்க.