பழைய காமிராக்களும் அவை கூட்டும் நட்பும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய காமிராக்களைத் தேடிச் சேர்ப்போரிடையே உண்டாகும் நட்பைக் குறித்து இன்று சில சொல்ல விரும்புகின்றோம். கேட்டவுடன் சிலர் நகைத்தல் கூடும். சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே நாழிகைக்கு நூறு படம் பிடிக்கும் இக்காலத்தில், துருத்தி வைத்த பெட்டிகளைப் பணங் கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்குவோரைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கின்றது என்பர். இருக்கின்றது. பொருள் சேர்ப்பவன் இயல்பில் தனியன். தன்னிடம் உள்ளது பிறரிடம் இல்லை என்பதிலேயே அவன் மகிழ்ச்சியில் பாதி அடங்கும். நாணயம் சேர்ப்பவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் நாணயத்தைக் கண்டு களிக்கலாம். காமிரா சேர்ப்பவனுக்கு அங்ஙனம் இயலாது. அவன் கையிலிருப்பது ஓர் இயந்திரம். அது படம் பிடித்தற்குரியது. அதனைப் படம் பிடிக்கச் செய்தல் ஒருவனால் மட்டும் ஆவதன்று. விரும்பியோ விரும்பாமலோ அவன் பிறரை நாடுகின்றான்.

இது எவ்வாறு நேர்ந்தது என்று பார்ப்போம். 1888-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ராச்செஸ்டர் நகரத்தில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் கோடக் என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். விலை 25 டாலர். அதனுள்ளே 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. சுருள் தீர்ந்ததும் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியது. அவர்கள் 10 டாலர் பெற்றுக்கொண்டு படங்களை அச்சிட்டு, புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900-ஆம் ஆண்டில் அதே கம்பெனியார் ஒரு டாலர் விலைக்குப் பிரௌனி என்னும் காமிராவை வெளியிட்டுச் சிறுவர் கையிலும் கொடுத்தனர். ஆகவே, அந்நாளில் காமிரா வாங்கியவன் ஒரு பெட்டியை மாத்திரம் வாங்கினான் அல்லன். அதற்குப் பின்னின்ற ஒரு பெருந் தொழிற்சாலையின் துணையையும் சேர்த்து வாங்கினான். பெட்டிகள் இன்றும் உள்ளன. அத்துணை மறைந்தது. அதன் இடத்தில் இப்போது நிற்பவர் நண்பர்களே.

ஓர் உதாரணங் காட்டுவோம். கோடக் கம்பெனியார் 1930-களின் தொடக்கத்தில் 620 என்னும் பிலிம் சுருளை வெளியிட்டனர். அதற்கு முன்னரே வழக்கிலிருந்த 120 என்னும் சுருளின் அகலமே இதற்கும். சுற்றும் ஸ்பூல் மட்டும் மெலிந்தது. இவ்வளவு சிறு வேறுபாட்டால், ஒன்றிற்குச் செய்த காமிராவில் மற்றொன்று பொருந்தாது. 1995-இல் 620 நின்றுவிட்டது. 120 இன்றும் விற்கின்றது. ஆதலால் 620 காமிரா உடையவர் என் செய்வர்? இருளில் அமர்ந்து, 120 பிலிமை ஒருமுறை வேறொரு ஸ்பூலில் சுற்றி, மீண்டும் தலைகீழாக 620 ஸ்பூலில் சுற்றுவர். பிலிமின் ஒரு முனையே காகிதத்தில் ஒட்டப்பட்டிருத்தலால், மறு சுற்றில் அங்கே புடைக்கும். ஒட்டை எடுத்து மீள ஒட்ட வேண்டும். இதனை ஏட்டில் படித்து ஒருவனும் கற்றதில்லை. ஒருவர் கைமேல் மற்றொருவர் கை வைத்து இருளிலேயே கற்பிக்கின்றனர். வெறும் 620 ஸ்பூல் இரண்டு ஒருவனுக்கு ஈவது இவர்கள் உலகில் பெரிய தானம். பெற்றவன் அதனை மறப்பதில்லை.

இவ்வாறே 1960-களிலும் 1970-களிலும் வந்த காமிராக்கள் பலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் கருவிக்குப் பாதரசக் கலம் ஒன்று வேண்டும். அதன் அழுத்தம் 1.35 வோல்ட். பாதரசம் கேடு விளைப்பதென அதனைத் தடுத்துவிட்டனர், அது நன்றே. ஆயின் இன்றைய 1.5 வோல்ட் கலத்தை இட்டால் பல காமிராக்களில் அளவு பிழைபடும். செவிப்புலன் குறைந்தோர் காதிலணியும் கருவிக்குரிய சிறு துத்தநாகக் கலம் ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும். அதனைச் சுற்றி ஒரு வளையம் இட்டால் பொருந்தும் என்று எவரோ கண்டு பிறர்க்குரைத்தார். துருத்தியில் ஊசித்துளை உண்டா என்று அறிய இருட்டறையில் உள்ளே விளக்கைச் செலுத்தி நோக்குவதும், ஷட்டரில் உறைந்த பழைய எண்ணெயே அதனை மெதுவாக்குகின்றது என்பதும் இவ்வாறு வாய்வழி பரவிய கல்வியே.

இவர்கள் முதன்முதற் சந்திக்கும்போது ஊர், பேர், உத்தியோகம் ஒன்றும் கேட்பதில்லை. “உம்முடையதின் எண் யாது?” என்றே கேட்பர். அதாவது காமிராவின் மேற் பொறித்த தொடர் எண். நீதிபதியும் தையற்காரரும் ஒரே மேசையின்மேற் குனிந்து, ஒரு திருகாணியைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிப்பதை யாம் கண்டதுண்டு. இன்னும் யாம் அறிந்த இருவர் உளர். ஒருவரிடம் ஓர் அரிய காமிரா. மற்றவரிடம் அதன் தோலுறை. நெடுங்காலமாக இருவரும் விட்டுக்கொடுத்திலர். ஆயினும் திங்கள்தோறும் ஒருவர் வீட்டிற்கு மற்றவர் சென்று உண்டு வருகின்றனர். உறையும் காமிராவும் அன்றைக்கு மட்டும் ஒன்று சேரும்.

நிற்க. இந்நட்பைச் சோதிப்பது பணம். ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லர் நகரத்தில் லைட்ஸ் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் என்பார் அமைத்த சிறு காமிரா 1925-இல் லைக்கா என்னும் பெயரால் லைப்சிக் சந்தையில் அரங்கேறிற்று. அதற்கு முன் 1923-இல் சோதனைக்கெனச் சில காமிராக்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பர்னாக் தாமே கையாண்ட 105-ஆம் எண்ணுடையது 2022-இல் ஏலத்தில் 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. இவ்வளவு பணம் புழங்குமிடத்தில் போலி வாராதிருக்குமோ? உக்ரைன் நாட்டுக் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்க்கென ஏற்பட்ட தொழிற்பள்ளி ஒன்றில் 1934 முதல் லைக்காவைப் பார்த்து ஃபெட் என்னும் காமிரா செய்தனர். அது அச்சிறுவர் உழைப்பால் வந்தது. தன் பெயரிலேயே மதிப்பதற்குரியது. பிற்காலத்தார் சிலர் அதன் பெயரைச் சுரண்டி, லைக்கா என்றும் ஜெர்மானிய விமானப்படை முத்திரை என்றும் பொறித்துப் பொன் முலாமும் பூசி விற்கலாயினர். உண்மை லைக்காவில் லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்கின், தூரமானியைத் தொடும் உறுப்பு சிறு உருளையாக இருக்கும். ஃபெட்டில் அது சாய்ந்த நாக்கு வடிவாக இருக்கும். அறிந்தவர்க்கு இது ஒரு நொடி வேலை. அறியாதவர்க்கோ ஓராண்டுச் சேமிப்பு போம். வாங்குமுன் “இதைத் தொடாதீர்” என்று சொல்ல ஒரு நண்பன் இருத்தலும் இல்லாமையுமே இங்கு இலாப நட்டம்.

இத்தகையோர் பல நாடுகளிற் சங்கங் கண்டனர். ராச்செஸ்டரில் 1966-லும், அமெரிக்க லைக்கா அன்பர்கள் 1968-லும், பிரிட்டிஷ் சேகரிப்போர் 1977-லும் கூடினர். பிரான்சிலே பாரிஸுக்கு அருகிலுள்ள பியேவ்ர் என்னும் சிற்றூரில் ஜான் ஃபாஜ் என்பவரும் அவர் மகன் ஆந்த்ரேயும் ஓர் புகைப்படக் கழகத்தை நடத்தினர். அவர்கள் சேர்த்த பொருள்களே ஓர் அருங்காட்சிச்சாலைக்கு அடிப்படையாயின. 1964-இல் தொடங்கிய பியேவ்ர்ச் சந்தை ஜூன் மாதத்தில் கூடும். நம் நாட்டிலும் குருகிராமில் 2019 முதல் காமிராக்களுக்கென்றே ஓர் காட்சிச்சாலை இருக்கின்றது.

அன்பர் கூட்டம் ஒரு தொழிலையே இறவாமற் காத்ததும் உண்டு. படம் எடுத்தவுடன் கையிலேயே தோன்றும் போலராய்டு பிலிமை 2008-இல் நிறுத்துவதாக அக்கம்பெனியார் அறிவித்தனர். ஹாலந்திலுள்ள என்ஸ்கெடே தொழிற்சாலையின் இயந்திரங்களை, அதில் வேலை செய்தவர் சிலரும் அப்பிலிமிற் பற்றுடைய சிலரும் சேர்ந்து வாங்கினர். பழைய ரசாயனங்கள் கிடையா. புதிதாகவே கண்டறிய வேண்டியிருந்தது. 2010-இல் வந்த பிலிம் செவ்வையாக இல்லை. உள்ளதை உள்ளவாறே சொல்வோம்: மங்கிற்று, கறைபட்டது. ஆயினும் அன்பர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தமையால் அது பிழைத்தது.

எமக்கு எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுவது, சேர்த்தவர் இறந்த பின் நிகழ்வது. வீட்டார்க்கு அப்பெட்டிகளின் மதிப்புத் தெரியாது. அலமாரி மட்டும் அடைபட்டுக் கிடக்கும். பழைய சாமான் வாங்குவோன் வருமுன் நண்பர் வந்தாரானால், ஒவ்வொன்றிற்கும் சீட்டு எழுதி, விலை குறித்து, எது விற்கத் தக்கது, எது பேரனுக்கு வைக்கத் தக்கது என்று அவ்வீட்டு அம்மையாரிடம் சொல்லிப் போவார். அவரே வாங்க விரும்பினாலும், அன்று வாங்காதிருப்பதே முறை என்று நல்லோர் கொள்வர்.

இங்கு அமர்ந்துள்ளோர் வீடுகளிலும் பரண்மேல் ஓர் அக்ஃபா கிளிக் III இருக்கலாம். 120 பிலிமில் 12 படம் பிடிக்கும் அக்கருவி நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் கலியாணத்தையும் காதுகுத்தையும் கண்டது. அகப்பட்டால் உடனே பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். வேட்டித் தலைப்பால் லென்ஸைத் தேய்க்கவும் வேண்டா. முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தை மட்டும் நோக்குங்கள். அதில் ஓர் எண் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கின்றது என்று பொருள். பல ஆண்டு கடந்தும், கறுப்பு வெள்ளைப் பிலிமாயின், கழுவினால் உருவம் தோன்றுதல் உண்டு. வெளிச்சம் பட்டாலோ தீர்ந்தது. அத்தகைய பெட்டி எதுவாயினும் மூடியபடியே அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொணருங்கள். பிலிம் கழுவத் தெரிந்த நண்பர் இருவர் இருட்டுப் பையுடன் வர இசைந்திருக்கின்றனர்; கூலி வேண்டா என்றும், ஸ்பூலை மட்டும் தங்களுக்குத் தந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றனர்.