காவலனுக்கும் ஒரு சோதனை

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்த காலமுண்டு. ஓட்டிப் பார்த்தாலன்றி வண்டியின் குறை தெரியாது. கணினி நிரலும் அத்தகையதே.

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்திற்கு டெபியனே அடிப்படை. டெபியனில் புதிய பதிப்பு முதலில் 'நிலையற்ற' பிரிவில் நுழையும். பொதுவாக 5 நாள் பெருங்குறை தென்படாவிடின் 'சோதனை'ப் பிரிவுக்கு ஏறும்.

வலையமைப்பைக் கண்காணிக்கும் நேகியாஸ் போன்ற கருவிகளில் ஓர் இடருண்டு. எல்லாம் நலமாயினும் மௌனம். கருவியே பழுதாயினும் மௌனம். எவ்வாறு பிரித்தறிவது? புதுப்பித்தபின், சோதனைக் கணினியின் இணைப்புக் கம்பியை வேண்டுமென்றே பிடுங்குங்கள். சற்றுப் பொறுங்கள், சிலமுறை தட்டிப் பார்த்த பின்னரே அது கூவும். கூவாவிடில், பதிப்பெண்ணுடன் குறையை எழுதி உருவாக்கியோர்க்கு அனுப்புங்கள். மூலநிரல் திறந்திருப்பதால், காரணத்தை நீங்களே தேடவும் தடையில்லை.