மாத்திரை அட்டையும் கையோடு

தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது ஒரு மணி நேரம். டாக்டர் முன்னால் உட்காருவது ஐந்து நிமிஷம்.

அதிலும் பாதி இப்படிப் போகிறது. “என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?” “வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்.” பிரஷருக்கும் வெள்ளை, சர்க்கரைக்கும் வெள்ளை! டாக்டர் எதைக் கண்டார்?

மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. பெயரும் மில்லிகிராமும் அதிலேயே இருக்கும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிய மாத்திரையையும் மறைக்க வேண்டாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அது தெரியாத டாக்டர், பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிடலாம்.

இன்று சாயங்காலம் டாக்டரிடம் போகிறவர்கள், வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரையை வெட்டி எடுக்கும்போது, பெயர் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.