தகைவிலானுக்கு ஒரு கைப்பிடி ஈரமண்

(அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். ஒருநாள் பள்ளிக்கு மேலே வட்டமிட்ட பறவைகளைக் காட்டி, "இவை தகைவிலான்கள்" என்றேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், இதுங்க கம்பியில உட்காரவே மாட்டேங்குதே?" என்று கேட்டாள். பறவை நூலைப் புரட்டினேன். அவை நாட்டு உழவாரன்கள். நான் சொன்னது தவறு என்று மறுநாள் வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

உழவாரனின் நான்கு விரல்களும் முன்னோக்கியவை. சுவரைப் பற்றித் தொங்குமே தவிர, கம்பியில் அமராது. இறகு, வைக்கோல் ஆகியவற்றை எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். தகைவிலானோ மின்கம்பியில் வரிசையாக அமரும். ஈரமண்ணை அலகில் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கூடு கட்டும்.

முதலில் மூன்று வகைகளைப் பிரித்தறியப் பழக்கினால் போதும். பிட்டம் செம்மஞ்சளாகவும் மார்பில் மெல்லிய கோடுகளும் இருந்தால் அது செம்பிட்டத் தகைவிலான். கூரையின் அடியில், குழாய் போன்ற வாயிலுடன் குடுவை வடிவக் கூடு கட்டும். உச்சந்தலை செந்நிறம், வயிறு தூய வெண்மை, வாலில் இரு மெல்லிய கம்பிகள் என்றால் கம்பிவால் தகைவிலான். பாலத்தடியில் அரைக்கிண்ணம் போலக் கூடு கட்டும். நெற்றியும் தொண்டையும் செம்மை, அதன் கீழே கரும்பட்டை என்றால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாதாரணத் தகைவிலான். அது இங்கே கூடு கட்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளையடிப்பதற்காக வராந்தாவிலிருந்த மண்கூட்டைத் தட்டிவிடச் சொன்னவன் நான்தான். உடைந்து விழுந்த கூட்டுக்குள் முட்டைகள் இருந்தன. இன்று அதே இடத்தில் ஒரு முழச் சதுரம் வெள்ளையடிக்கப்படாமல் இருக்கிறது. பார்வையிட வருவோர் கேட்டால் பிள்ளைகளே காரணம் சொல்கிறார்கள்.

இடம் விட்டால் மட்டும் போதாது, மண்ணும் வேண்டும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆறு பட்ட பாட்டைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பளித்தது. அதைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தயங்கியிருக்கிறேன். இப்போது அடிகுழாயடியிலிருந்து தொடங்குகிறேன். கை கழுவும் நீரால் அங்கே ஒரு சாண் இடம் எப்போதும் சேறாக இருக்கும். கோடையில் தகைவிலான் மண்ணெடுக்க வருவது அங்கேதான். பத்து நிமிடத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, தேதியோடு எழுதச் சொல்லுங்கள். கூட்டைத் தொடவோ, ஏறிப் பார்க்கவோ வேண்டாம்.

அடுத்த முறை வெள்ளையடிக்க ஆள் வரும்போது, முதலில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.